விரைவினும் உறுதி பெரிது: ஐதராபாத் மருந்துத் தொழிலின் வழங்கல் தொடர்

(ஐதராபாத்தில் பொருளியல், வணிகவியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

ஒரு தொழிலின் வலிமையை அதன் இயந்திரங்களையும், அங்கே பணிபுரிவோரின் திறமையையும் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். ஆனால் மூலப்பொருள் உரிய நாளில் வந்து சேராவிடில் மிகச் சிறந்த இயந்திரமும் வாளாவிருக்கும். செய்து முடித்த பண்டம் உரிய நாளில் வெளியேறாவிடில் மிகத் திறமையான தொழிலாளியின் உழைப்பும் கிடங்கிலே முடங்கிக் கிடக்கும். மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து, பண்டத்தைப் பயன்படுத்துவோரின் கைக்கு வரும் வரையில் நிகழ்கின்ற வாங்குதல், ஏற்றுதல், சேமித்தல், சோதித்தல், அனுப்புதல், பணம் பெறுதல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே வழங்கல் தொடராகும். இத்தொடரைச் சீர்செய்வது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய கலை என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. உண்மையில் சிறு தொழில் நடத்துவோருக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. தவறுக்கு ஈடுகொடுக்கும் பண வலிமை அவர்களிடம் குறைவு.

இப்பொருளை ஆராய்வதற்கு ஐதராபாத்தின் மருந்துத் தொழிலைக் காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. முதலாவதாக, இது கடற்கரை இல்லாத நகரம். இரண்டாவதாக, இத்தொழிலின் மூலப்பொருள்களில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. உற்பத்தியில் பெரும்பகுதி கடல் கடந்து செல்கிறது. மூன்றாவதாக, இங்கே தாமதத்தினால் விளையும் நட்டம் வணிகரோடு நிற்பதில்லை. எங்கோ ஒரு மருத்துவமனையில் காத்திருக்கும் நோயாளியையும் அது சென்று தாக்குகிறது. இந்த ஆய்வின் முடிவில் தெளிவாவது ஒன்று: சரக்கு விரைவாக வருவதைக் காட்டிலும், சொன்ன நாளில் தவறாமல் வருவதே ஒரு தொழிலுக்கு மிகுந்த நன்மை தருகிறது.

ஐதராபாத்தில் மருந்துத் தொழில் வளர்ந்த விதம்

1961-ஆம் ஆண்டில் மத்திய அரசு இந்திய மருந்துகள் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு ரிஷிகேசத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துத் தொழிற்சாலையும், ஐதராபாத்தில் செயற்கை மருந்துத் தொழிற்சாலையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவிகள் தொழிற்சாலையும் அமைக்கப்பட்டன. ஐதராபாத் பாலாநகரில் அமைந்த தொழிற்சாலை, மருந்துகளை மட்டுமின்றி மருந்துத் தொழில் தெரிந்த வேதியியலாளர்களையும் உருவாக்கியது. 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கே. அஞ்சி ரெட்டி அங்கே பணியாற்றியவரே.

1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காமல், அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே வழங்கியது. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்தது. ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டன்செரு, பாசமைலாரம் ஆகிய தொழிற்பேட்டைகளில் மூல மருந்து செய்யும் ஆலைகள் பெருகின. 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்த பின்னரும் இவ்வளர்ச்சி தளரவில்லை. நகருக்கு வடக்கே ஜீனோம் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதி, தடுப்பூசி உற்பத்திக்குப் பெயர்பெற்ற இடமாயிற்று.

இவ்வளர்ச்சியின் ஊடே ஒரு பலவீனமும் வளர்ந்தது. மாத்திரையாக வார்க்கப்படும் முன் உள்ள வேதிப்பொருளை மூல மருந்து என்கிறோம். அந்த மூல மருந்தைச் செய்வதற்கே வேறு வேதிப்பொருள்கள் தேவை. இவற்றை இடைநிலைப் பொருள்கள் என்பர். பாராசிட்டமால் செய்யப் பாரா அமினோ பீனால் வேண்டும். அமாக்சிசிலின் செய்யப் பெனிசிலின்-ஜி வேண்டும். 1954-இல் தோன்றிய பிம்பிரி இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் முதலாகப் பெனிசிலினை உள்நாட்டிலேயே செய்து வந்த நாடு இது. குறைந்த விலையில் வந்த இறக்குமதியோடு போட்டியிட முடியாமல், அவ்வுற்பத்தி பின்னர் நின்றுபோயிற்று. 2018-19-இல் இந்தியா இறக்குமதி செய்த மூல மருந்து, இடைநிலைப் பொருள்களின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வந்தது.

2020-ஆம் ஆண்டு தந்த படிப்பினை

2020 ஜனவரி 23 அன்று சீனாவின் ஊகான் நகரம் மூடப்பட்டது. புத்தாண்டு விடுமுறைக்குச் சென்ற தொழிலாளர் பலர் ஆலைகளுக்குத் திரும்ப இயலவில்லை. அங்கிருந்து புறப்பட வேண்டிய சரக்கு புறப்படவில்லை. மார்ச் 3 அன்று மத்திய அரசு பாராசிட்டமால், மெட்ரோனிடசோல், அசைக்ளோவிர், வைட்டமின் பி1, பி6, பி12 உள்ளிட்ட 26 மூல மருந்துகள் மற்றும் மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஏப்ரல் 6 அன்று அவற்றில் 24 பொருள்கள் மீதிருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இடையில் மார்ச் 25 அன்று தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கினால், சரக்கு இருந்த இடத்தில் லாரி இல்லை. லாரி இருந்த இடத்தில் ஓட்டுநர் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. மருந்து அத்தியாவசியப் பொருளாக விலக்குப் பெற்றிருந்த போதிலும், அட்டைப்பெட்டியும் அலுமினியத் தகடும் செய்யும் ஆலைகள் தடையின்றி இயங்கினால்தானே மாத்திரை வெளியே வர முடியும்?

இந்த நெருக்கடியின்போது ஆலைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் தொடர்பு வைத்திருந்த ஆலை, விலை கூடினாலும் வேலையைத் தொடரும் நிலையில் இருந்தது. எல்லாப் பொருளையும் மிக மலிவான ஒரே இடத்தில் வாங்கி வந்த ஆலை, கையிருப்பு தீர்ந்ததும் கதவை அடைக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாகச் சேமித்த விலைக் குறைவு சில வாரங்களில் கரைந்து போகக்கூடும் என்பது அப்போது புலப்பட்டது.

அரசும் இப்படிப்பினையை ஏற்றுச் செயற்பட்டது. 2020 மார்ச்சில் 6,940 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 41 பொருள்களின் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் ஒப்புதல் பெற்றது. 3,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றின்கீழ்க் குஜராத், இமாச்சலப் பிரதேசம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் மூல மருந்துப் பூங்காக்கள் அமைய 2022-இல் இசைவு அளிக்கப்பட்டது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்தோ பார்மாவின் துணை நிறுவனம் காக்கிநாடா அருகே அமைத்த ஆலையில், 2024-இல் பெனிசிலின்-ஜி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஆயினும் எல்லாப் பொருளையும் உள்நாட்டிலேயே செய்துவிடுவது உடனடியாக நிகழக்கூடியதன்று. ஆகவே ஒவ்வொரு தொழிலதிபரும் எங்கே வாங்குவது, எவ்வளவு இருப்பு வைப்பது என்ற கேள்விக்குத் தாமே விடை காண வேண்டியுள்ளது.

இருப்பின் விலை

இக்கேள்விக்கு ஓர் எளிய கணக்கு உதவும். இது விளக்கத்திற்காக அமைத்த கணக்கு. எந்த ஆலையையும் குறிப்பதன்று.

ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 100 கிலோ இடைநிலைப் பொருள் தேவை. கிலோ ஒன்றின் விலை 1,000 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் வேலை. எனவே ஆண்டுக் கொள்முதல் 30,000 கிலோ. மதிப்பு 3 கோடி ரூபாய். பொருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கப்பலில் ஏற்றும்போதே பணம் கட்டியாக வேண்டும். வந்து சேரச் சராசரியாக 45 வேலை நாள் ஆகிறது; சில வேளைகளில் 60 நாளும் ஆகிறது.

45 நாள் வழியில் இருக்கும் சரக்கின் மதிப்பு 45 லட்சம் ரூபாய். தாமதமாகக்கூடிய 15 நாளுக்காக வைக்க வேண்டிய பாதுகாப்பு இருப்பின் மதிப்பு 15 லட்சம் ரூபாய். ஆக, 60 லட்சம் ரூபாய் எப்போதும் முடங்கிக் கிடக்கிறது. வட்டி 12 சதவீதமானால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் செலவு.

அதே பொருளை உள்நாட்டில் ஒருவர் 7 நாளில் தருகிறார். தாமதமானாலும் ஒரு நாளுக்கு மேல் ஆவதில்லை. இங்கே முடங்கும் பணம் 8 லட்சம் ரூபாய். வட்டி 96,000 ரூபாய். இரண்டுக்கும் வேறுபாடு 6,24,000 ரூபாய். அதாவது உள்நாட்டு விலை 2 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் ஆலைக்கு நட்டமில்லை. 3 சதவீதம் கூடுதலானால் 9 லட்சம் ரூபாய் அதிகம் கொடுக்க நேரும். வட்டிச் சேமிப்பு அதற்கு ஈடாகாது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு 60 நாளையும் தாண்டி, ஆண்டில் மூன்று நாள் ஆலை நின்று, நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் நட்டமானால், அந்த 3 சதவீதமும் நியாயமான விலையே ஆகிறது.

இக்கணக்கின் எல்லையையும் உணர வேண்டும். உள்நாட்டு விலை 20 சதவீதம் கூடுதல் என்றால், வட்டியைக் காட்டி அதை நியாயப்படுத்த இயலாது. அப்போது செய்யத்தக்கது, பெரும்பகுதியை மலிவான இடத்தில் வாங்கி, ஒரு சிறு பகுதியை மட்டும் உள்நாட்டில் தொடர்ந்து வாங்கி வருவதாகும். அச்சிறு பகுதிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியத்தைப் போன்றது. ஆபத்து வந்த பின்னர் புதிய விற்பனையாளரைத் தேடுவது மருந்துத் தொழிலில் பயன் தராது. மூலப்பொருள் தரும் இடம் மாறினால், தரச் சோதனைகளை மீண்டும் செய்து, பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கும் தெரிவிக்க வேண்டியுள்ளது. அதற்குப் பல மாதங்கள் ஆகும்.

கணக்கில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. 45 நாள் என்பது 40 நாளாகக் குறைந்தும், தாமதம் 60 நாள் வரை நீடிக்கக்கூடும் என்ற நிலை மாறாவிட்டால், பாதுகாப்பு இருப்பு 15 நாளிலிருந்து 20 நாளாக உயர்ந்துவிடும். முடங்கும் பணம் அதே 60 லட்சமாகவே நிற்கும். மாறாக, 45 நாள் அப்படியே இருந்து, தாமதம் 50 நாளுக்கு மேற்படாது என்ற உறுதி கிடைத்தால், முடங்கும் பணத்தில் 10 லட்சம் ரூபாய் விடுதலையாகும். பாதுகாப்பு இருப்பு என்பது ஐயப்பாட்டிற்குக் கொடுக்கும் விலை. ஐயம் குறைந்தால் விலையும் குறையும்.

ஆலையின் சுவர்களுக்குள்ளே

தாமதத்திற்கு எப்போதும் கப்பலையும் சாலையையும் குறை கூறுவது எளிது. ஆலைக்குள் நடப்பதைக் குறித்து வைத்துப் பார்த்தால், சரக்கு நகரும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுதி என்பது தெரியவரும். வந்த மூலப்பொருள் சோதனைச்சாலையின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. செய்து முடித்த மாத்திரை, தொகுதி ஆவணங்களில் இடம்பெற வேண்டிய ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. கட்டி முடித்த பெட்டி லாரிக்காகக் காத்திருக்கிறது. புதிய இயந்திரம் வாங்கும் முன் இக்காத்திருப்பு நாள்களைக் கணக்கெடுப்பது செலவில்லாத சீர்திருத்தம்.

கிடங்கிலே எல்லாப் பொருளையும் ஒரே விதமாகக் கவனிப்பதும் வீண் உழைப்பே. பெரும்பாலான ஆலைகளில் சில பொருள்களே மொத்தக் கொள்முதல் மதிப்பில் மிகப் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றைத் தனியே பிரித்து நாள்தோறும் கவனிக்க வேண்டும். விலை குறைவானாலும், இல்லாவிடில் வேலையே நின்றுவிடும் என்ற பொருள்களை மற்றொரு வகையாகக் கொண்டு தாராளமாக இருப்பு வைக்கலாம். மருந்தைப் பொறுத்தவரை, முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும் என்ற பொது விதி போதாது. முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும்.

தேவையைக் கணிப்பதிலும் பெருந்தவறுகள் நேர்கின்றன. கடைக்காரர் ஒருவர் விற்பனை சற்றுக் கூடியதும் எச்சரிக்கையாக இரண்டு பெட்டி கூடுதலாகக் கேட்கிறார். பல கடைக்காரர்கள் இவ்வாறு கேட்டதைக் கண்ட மொத்த வணிகர் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். ஆலையோ இரவும் பகலும் உற்பத்தி செய்து, மூலப்பொருளுக்கு இரட்டிப்பு ஆணை இடுகிறது. சாட்டையின் பிடி சிறிதளவு அசைந்தாலும் நுனி நெடுந்தொலைவு வீசப்படுவதைப் போல, நோயாளியின் தேவையில் ஏற்பட்ட சிறு மாற்றம் ஆலையில் பெரும் கொந்தளிப்பாகிறது. சில மாதங்களில் அதே பண்டம் காலாவதியாகித் திரும்பி வருகிறது. ஆலை தனக்கு வரும் ஆணைகளை மட்டும் நம்பாமல், கடைகளில் நாள்தோறும் விற்கும் அளவைத் தெரிந்துகொள்வதே இதற்கு மருந்து.

நிலத்தால் சூழப்பட்ட நகரின் துறைமுகம்

கடற்கரை இல்லாத ஐதராபாத்துக்குச் சனத்நகரில் உள்ள உள்நாட்டுச் சரக்குப்பெட்டக நிலையம் துறைமுகத்தின் பணியில் ஒரு பகுதியைச் செய்கிறது. 1988-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியச் சரக்குப்பெட்டகக் கழகம் இதை நடத்துகிறது. சுங்கச் சோதனையை இங்கேயே முடித்து, பெட்டகத்துக்கு முத்திரையிட்டு, ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்ப இயலும். சிறு ஏற்றுமதியாளர் துறைமுக நகரத்தில் தனி ஆள் வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. லாரி விரைவாகச் செல்லலாம். ஆயினும் குறித்த நாளில் புறப்படும் ரயிலை நம்பி உற்பத்தியைத் திட்டமிட முடியுமானால், அதுவே இருப்பைக் குறைக்கும். ரயில் நிர்வாகம் கால அட்டவணையைக் காப்பாற்றுவதும், ஆலைகள் பெட்டகத்தை உரிய நேரத்தில் நிரப்பித் தருவதும் ஒன்றையொன்று சார்ந்தவை.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது, உள்நாட்டு விநியோகத்தின் அடிப்படையையே மாற்றியது. அதற்கு முன்னர், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநில வணிகருக்கு நேரே விற்றால் மத்திய விற்பனை வரி கட்ட வேண்டும். தன் சொந்தக் கிடங்குக்குச் சரக்கை மாற்றினால் அவ்வரி இல்லை. இதனால் மருந்து நிறுவனங்கள் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான மாநிலங்களில் கிடங்கு வைத்தன. இன்று கிடங்குகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வரி தீர்மானிக்க வேண்டியதில்லை, தேவையே தீர்மானிக்கலாம். ஒரே அளவுள்ள நான்கு கிடங்குகளின் தேவை ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்குமானால், அவற்றை ஒன்றாக்கும்போது பாதுகாப்பு இருப்பு ஏறக்குறையப் பாதியாகும். ஓரிடத்தில் தேவை உயரும்போது மற்றோரிடத்தில் குறைவதே இதற்குக் காரணம். ஆயினும் தொலைவு கூடுவதால் அவசர மருந்துகளுக்கு அருகிலுள்ள கிடங்கு தேவைப்படும். இரண்டையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாநில எல்லைகளில் இருந்த வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே மின்வழிச் சீட்டும், 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் முறையும் கட்டாயமாயின. 2021 அக்டோபரில் பிரதமரின் கதிசக்தித் திட்டமும், 2022 செப்டம்பரில் தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கையும் அறிவிக்கப்பட்டன. நாட்டின் உற்பத்தி மதிப்பில் 13 முதல் 14 சதவீதம் சரக்குப் போக்குவரத்துக்கே செலவாகிறது என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2023 டிசம்பரில் வெளியான முறையான மதிப்பீடு, 2021-22-இல் அது 7.8 முதல் 8.9 சதவீதம் வரை எனக் கண்டது. நாடே தன் செலவைச் சரியாக அளக்காமல் பல ஆண்டுகள் பேசி வந்தது என்றால், தனி ஆலைகளில் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் உலக நிகழ்ச்சிகள் குறுக்கிடவே செய்யும். 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் குறுக்கே சிக்கி, சூயஸ் கால்வாயை 6 நாள் அடைத்தது. 2023 நவம்பரில் தொடங்கிய செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் பல, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஐரோப்பாவுக்குச் செல்லும் பயணம் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் நீண்டது. பயணம் நீண்டதைவிட, எந்த வழியில் எப்போது வரும் என்ற தெளிவின்மையே ஏற்றுமதியாளரை வருத்தியது. வாங்குவோரிடம் உண்மையான நாளை முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்றியவர்களே நம்பிக்கையை இழக்காதவர்கள்.

குளிரில் காக்க வேண்டிய சரக்கு

தடுப்பூசியின் வழங்கல் தொடரில் நாளோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. 1997-இல் ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், மரபணு மறுசேர்க்கை முறையில் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை வெளியிட்டது. இத்தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் கெடும் என்பது பலருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெடும் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. குப்பியின் மேலுள்ள வெப்பக் குறியீட்டு வில்லை வெப்பத்தைக் காட்டிக்கொடுக்கும், உறைந்ததைக் காட்டாது. மிகுந்த அக்கறையோடு பனிக்கட்டியை ஒட்டியே அடுக்கிவைக்கும் பணியாளர், அறியாமலே மருந்தைப் பாழாக்கக்கூடும்.

கோவிட் காலத்தில் இந்நகரம் இருவகைத் தொடர்களையும் கண்டது. ஜீனோம் பள்ளத்தாக்கில் பாரத் பயோடெக் தயாரித்த கோவாக்சின் 2 முதல் 8 டிகிரியில் வைக்கத்தக்கது. ஆகவே 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, குழந்தைகளுக்கான தடுப்பூசிக்காக நாடெங்கும் ஏற்கெனவே இருந்த குளிர்சாதனங்களிலேயே அது பயணம் செய்ய முடிந்தது. 2021 மே 1 அன்று ஐதராபாத் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஸ்புட்னிக்-வி தடுப்பூசியின் முதல் 1,50,000 தவணைகளுக்குக் கழித்தல் 18 டிகிரி குளிர் தேவைப்பட்டது. அதற்கெனத் தனி ஏற்பாடுகள் செய்ய நேர்ந்தது. பண்டத்தை வடிவமைக்கும்போதே அது செல்ல வேண்டிய வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் செயற்படத் தொடங்கிய விமான நிலையத்தில் மருந்துச் சரக்குக்கெனத் தனிப் பகுதி அமைந்துள்ளது. 2 முதல் 8 டிகிரியிலும், 15 முதல் 25 டிகிரியிலும் சரக்கை வைக்க அங்கே வசதி உண்டு. ஆயினும் குளிர்க்கிடங்குக்கும் விமானத்துக்கும் இடையே, வெயில் காயும் தளத்தில் சரக்கு நிற்கும் சில நிமிடங்களே பெரிய ஆபத்து. தொடரின் வலிமையை அதன் நலிந்த கண்ணியே தீர்மானிக்கிறது. 2015-இல் தொடங்கிய மின்னணுத் தடுப்பூசி நுண்ணறிவு வலையமைப்பு, ஒவ்வொரு குளிர்க்கிடங்கின் இருப்பையும் வெப்பநிலையையும் கைப்பேசி வழியே காட்டுகிறது. எங்கே என்ன இருக்கிறது என்பது தெரிந்தால், ஓரிடத்தில் பற்றாக்குறையும் மற்றோரிடத்தில் வீணாதலும் ஒருங்கே நிகழ்வதைத் தடுக்கலாம்.

வாங்குவோரின் கடமை

உறுதி என்பது விற்பவரிடம் மட்டும் எதிர்பார்க்கத்தக்கதன்று. இதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நல்ல சான்று. 1994-இல் அமைக்கப்பட்ட இக்கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒருங்கே கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறித்த ஏடு ஒன்று வழங்கப்பட்டு, தேவைக்கேற்ப மருந்து பெற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டது. மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் பெயர் தெரியாதவாறு குறியீட்டு எண்ணுடன் சோதனைச்சாலைக்குச் செல்கின்றன. தேறிய தொகுதியே மருத்துவமனைக்குச் செல்கிறது. கிடங்குகளின் இருப்பு கணிப்பொறியில் பதிவாகிறது. கேரளம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் பின்னர் இதை ஒட்டிய அமைப்புகளை நிறுவின.

சிறு உற்பத்தியாளருக்குப் பணம் வரும் நாளும் வழங்கல் தொடரின் ஒரு கண்ணியே. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய தொகையை 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் வட்டியும் சேரும். இதை மீறி நான்கு மாதம் கழித்துப் பணம் தருவோர், மூலப்பொருள் வாங்க இயலாத விற்பனையாளரைத் தாமே உருவாக்குகின்றனர். பின்னர் சரக்குத் தாமதமாவதாகக் குறை கூறுகின்றனர்.

அளந்து பார்க்க வேண்டிய ஐந்து

சீர்திருத்தத்தைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. ஐந்து எண்களை மாதந்தோறும் ஒரே தாளில் எழுதி வந்தால் போதும். ஆணையிட்ட நாளிலிருந்து சரக்கு வரும் வரை ஆன சராசரி நாள்களும், மிகக் கூடுதலாக ஆன நாள்களும் முதலாவது. வாக்களித்த நாளில் முழு அளவும் அனுப்பப்பட்ட ஆணைகளின் விழுக்காடு இரண்டாவது. கையிருப்பு எத்தனை நாள் தேவைக்குப் போதும் என்பது மூன்றாவது. காலாவதியாலும் சேதத்தாலும் இழந்த மதிப்பு நான்காவது. விற்ற பண்டத்துக்குப் பணம் வர ஆன நாள்கள் ஐந்தாவது. இவற்றுள் சராசரியை மட்டும் பார்த்து நிறைவு கொள்ளலாகாது. மிகக் கூடுதலான தாமதத்தைப் பார்த்து, அதன் காரணத்தை ஒவ்வொன்றாகக் களைய வேண்டும்.

மாணவர்கள் தம் ஊரிலுள்ள ஒரு சிறு ஆலையிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தறையிலோ இவ்வைந்து எண்களையும் மூன்று மாதம் சேகரித்துப் பார்த்தால், பாடநூல் தராத பல உண்மைகள் புலனாகும். அலுவலர்கள் தம் மேசையில் ஓர் அனுமதிக் கோப்பு எத்தனை நாள் தங்குகிறது என்பதையும் அத்தொடரின் ஒரு பகுதியாகக் கருதிக் கணக்கெடுக்க வேண்டும். ஐதராபாத்தின் புறநகரில் உருவாகும் மாத்திரை, தொலைவிலுள்ள ஒரு சிற்றூரின் சுகாதார நிலையத்தில், நோயாளி வந்து கேட்கும் அன்று அலமாரியில் இருக்க வேண்டும். அதற்கு ஆலையும் ரயிலும் கிடங்கும் அலுவலகமும் தத்தம் நாளைக் காப்பாற்றுவது இன்றியமையாததாகும்.